இருபத்திரண்டாம் மாடியில் கோடி போன ஏரி

ஏரி என்றால் தரையில்தான் கிடக்கும் என்று நினைக்கிறவர்கள் செவ்வந்தியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரி ஒன்றைக் கரை, மதகு, கலங்கல் சகிதம் கிளப்பிக்கொண்டு போய், பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் ஓட்டலின் இருபத்திரண்டாவது மாடியில் வைத்தவள் அவள். மீன் மட்டும் தட்டில் வரும். லிஃப்ட் கதவு திறந்து உள்ளே வருகிறவன் எப்பேர்ப்பட்ட வாயாடியாக இருந்தாலும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறான். மிகை என்று நினைத்தால் போய்ப் பார்த்தவர்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

அவள் பிறந்தது உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய், இறங்கி, இன்னும் கொஞ்சம் நடந்தால் வருகிற காலனியில். ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது வீடு. அப்பா பெருமாள் கொத்தனாருக்குக் கையாளாகப் போனவர். கூலியில் பாதியைச் சாராயத்துக்கு அழுதார், கடைசியில் உடம்பையும் அதற்கே கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மா சிட்டம்மாள் நடவுக்காரி. அடுத்தவர் நிலத்தில் குனிந்து நட்டு, குனிந்து களையெடுத்து, குனிந்து அறுத்தே இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினாள். மூத்தவன் வசந்த்குமார் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போனான். இளையவள் செவ்வந்தி சென்னையில் பெண்கள் பாலிடெக்னிக்கில் உள் அலங்காரம் படிக்கப் போகிறேன் என்று நின்றாள்.

“வூட்டுக்குள்ள அலங்காரம் பண்றதுக்கு ஒரு படிப்பா? நம்ம வூட்ல உள்ளன்னு ஒண்ணு எங்கடி கீது? வாசப்படிய தாண்டினா கொல்லப்பக்கம் வந்துடுது” என்று சிரித்தாள் சிட்டம்மாள். சிரித்தாளே தவிர, தடுக்கவில்லை. மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியைத் தன் தலையிலேயே சுமந்து வந்து பஸ் ஏற்றினாள்.

படிப்பு முடிந்ததும் சமையலறை அலமாரி விற்கிற கடையொன்றில் அளவெடுக்கிற வேலை. அடுத்தவர் அடுப்பங்கரையை அளந்து அளந்தே செவ்வந்திக்கு ஒரு பழக்கம் வந்தது. டேப்பை எடுக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நடப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். “காலுக்கு இன்னா தெரியுது, காதுக்கு இன்னா கேக்குது, அப்புறந்தான் கண்ணு” என்பாள். கூட வேலை பார்த்தவர்கள், “என்ன செவ்வந்தி, சாமி வந்துடுச்சா?” என்று கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டுமே. அவள் போட்டுக் கொடுத்த சமையலறையில் நின்று வேலை செய்த பெண்களுக்குச் சாயங்காலம் இடுப்பு வலிக்கவில்லை. அந்தப் பேச்சு பரவித்தான் சுதாவின் காதுக்குப் போனது. சுதா ஓட்டல்களுக்கும் ரெஸ்டாரண்டுகளுக்கும் உள் அலங்காரம் செய்கிற ஆபீஸ் ஒன்றை நடத்துகிறவர், கோயம்புத்தூர்க்காரர். கூப்பிட்டு வேலையில் சேர்த்துக்கொண்டார்.

சுதாவிடம் சில வருஷம் வேலை பார்த்த பிறகு வந்ததுதான் மோகன்குமாரின் ஓட்டல். உச்சி மாடி முழுவதும் ரெஸ்டாரண்ட், நடுவில் பார். சுதா வரைபடத்தைச் செவ்வந்தி பக்கம் தள்ளி, “இது உன்னோடது. முழுக்க நீயே பண்ணு. வாசல்ல வடிவமைப்புன்னு போடற எடத்துல உன் பேர்தான் வரும்” என்றார். அன்றைக்குச் செவ்வந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்தவர் பெயருக்குக் கீழேயே வேலை பார்த்துப் பழகியவளுக்கு அது சின்ன விஷயமா?

மோகன்குமார் தன் மனசில் இருப்பதைச் சொன்னார். அவருக்குக் கிராமம் வேண்டுமாம். சுவரில் வண்டிச் சக்கரம், தூணுக்குத் தூண் அரிக்கேன் விளக்கு, மேஜைக்கு நடுவில் உரல், பரிமாறுகிறவர்களுக்குத் தலைப்பாகை. ஊரில் இருக்கிறவர்களே பரணில் போட்டுவிட்ட சாமான்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. கடைசியாக ஒன்று சொன்னார்.

“பார் முன்னாடி ஒரு வரிசை சிலை. நாத்து நடற பொம்பளைங்க. அப்படியே குனிஞ்சு நிக்கிற மாதிரி. வடபழனியில ஃபைபர்ல செய்யச் சொல்லிட்டேன். உள்ள வர்றவங்க மொதல்ல பாக்கறது அதாத்தான் இருக்கணும். என்ன அழகு தெரியுமா அது! சின்ன வயசுல எங்க வரப்புல உக்காந்து பாத்துட்டே இருப்பேன்.”

அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்தவர். செவ்வந்தியின் அம்மா சேற்றில் நின்றவள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே நடவைத்தான். ராத்திரி சிட்டம்மாள் முதுகு நிமிராமல் வந்து, “ஏறி மிதிடி” என்று சொல்லிக் குப்புறப் படுப்பாள். பிஞ்சுக் காலால் அந்த முதுகை மிதித்துவிட்டே வளர்ந்தவள் இவள். அந்த முதுகைக் கொண்டுபோய்ப் பீர் குடிக்கிற இடத்தில் அலங்காரமாக நிறுத்துவதா? தலையே போனாலும் செய்யக் கூடாது என்று முடிவு கட்டிவிட்டாள். ஆனால் அந்த இடத்தில் எதுவும் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் வேண்டும் என்று சொல்ல ஒன்று கையில் இருக்க வேண்டும் அல்லவா?

அடுத்த கூட்டத்துக்குப் படமெல்லாம் தயார் செய்துகொண்டு போனாள். திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி, மழைக்காலம், நீர்நிலை, அனுபவம் என்று ஆபீஸ் பாஷையில் விளக்கினாள். மோகன்குமார் பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். சுதா முகம் தொங்கிப் போனது. செவ்வந்திக்கு மூளைக்குள் எல்லாம் சுத்தமாகத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோக, வாயில் வந்ததைக் கொட்டினாள்.

“சார், இது ஏரி கோடி போற அன்னிக்கி!”

சுதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேஜைக்கு அடியில் செவ்வந்தியின் தொடையைக் கிள்ளி, “ஓட்டல் இன்னும் தொறக்கவே இல்ல. அதுக்குள்ள கோடி போச்சுன்னு அபசகுனமா… வாயக் கழுவு” என்று பல்லைக் கடித்தார். பாவம், அவருக்குத் தெரிந்த கோடி நோட்டுக் கட்டுதான். மழை பிடித்து ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் என்கிற அந்தக் கல்கட்டின் மேல் ஏறி வழியத் தொடங்கினால் அதை ‘ஏரி கோடி போவுது’ என்பார்கள் அந்தச் சீமையில். அதைவிட நல்ல சேதி அங்கே எதுவும் கிடையாது.

மோகன்குமார் போனைக் கவிழ்த்து வைத்தார். “எந்த ஏரிம்மா?” என்று கேட்டார். குரலே மாறிவிட்டது.

“உத்திரமேரூர் பக்கம் சார்.”

“நான் புள்ளலூராண்ட. எங்க ஏரி கோடி போச்சின்னா தாத்தா வேட்டு வுடுவாரு. இன்னா எரைச்சல்மா அது! பக்கத்துல நிக்கிறவன் பேசறது காதுல வுயாது.” ஓட்டல் முதலாளியின் வாயிலிருந்து ‘ஆண்ட’வும் ‘வுயாது’வும் வந்ததைக் கேட்டுச் சுதா கிள்ளுவதை நிறுத்தினார்.

பிறகென்ன, மடை திறந்துவிட்டது. செவ்வந்தி எழுந்து நின்றே சொன்னாள். லிஃப்டை விட்டு இறங்கினால் கரைக்குக் கீழே நிற்கிற மாதிரி தாழ்ந்த கூரை, மண் நிறத்தில் வளைந்த சுவர், காலுக்குச் சொரசொரப்பான தரை. எதிரே ஒன்றும் தெரியாது. இரைச்சல் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். மதகு மாதிரி குறுகின வழியில் நுழைந்து நாலு படி ஏறினால் கரை உச்சி. அங்கே படாரென்று திறந்துகொள்ளும் கூடம். கறுப்பாக மெருகு போட்ட தரையில் கண்ணாடிச் சுவருக்கு வெளியே இருக்கிற வானம் அப்படியே விழும். நடுவில் பார்தான் கலங்கல். நீளக் கல் மேடை, அதன்மேல் வரிசையாக, நட்டமாக நிறுத்தின நட்டுக்கல், நட்டுக்கல்லுக்கு நடுவில் பிதுங்கி வழிகிற தண்ணீர். வழிகிற தண்ணீர் வந்து சேர்கிற இடத்தில் ஆழமில்லாத கல் தொட்டி, இஷ்டப்பட்டவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைக்கலாம்.

“எங்க ஊர்ல கலங்கல்ல ஊர்க்காரங்க மேல் பக்கம் நிப்பாங்க. காலனிக்காரங்க கீழ்ப் பக்கம் நிப்போம்” என்றாள். “இங்க அந்தக் கணக்கு கெடயாது. நாலு பக்கமும் ஒண்ணுதான்.”

மோகன்குமார் தலையை ஆட்டினார். “செய்ம்மா” என்றார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, “சிலைக்கு எடம் வுட்டுடு. கலங்கலுக்கு முன்னாடி சரியா வரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வந்தி விடவில்லை, வராந்தாவில் ஓடிப் பிடித்தாள். “சார், கோடி போற அன்னிக்கி யாரும் நடவுக்குப் போகமாட்டாங்க. அன்னிக்கி குனிஞ்ச ஆளே இருக்காது. அத்தினி பேரும் நிமிந்து நின்னு தண்ணியப் பாத்துக்கினு இருப்பாங்க.”

“ஆர்ட்டுக்கு அதெல்லாம் பாக்கக் கூடாதும்மா.”

“அது எங்க அம்மா சார். குனிஞ்சி நிக்கிறது.”

“அதுக்குத்தாம்மா வெக்கிறோம்” என்றார் மோகன்குமார், அவள் தோளில் தட்டாத குறையாக. “மரியாதை பண்றோம்.”

கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். நல்ல மனுஷன், அதுதான் தொல்லை. வேலை ஆட்களோடு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிடுகிறவர். அந்தச் சிலைகளை உண்மையிலேயே அழகென்று நம்பியவர். நம்புகிறவரை எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளுவது? செவ்வந்தி ஆபீசுக்கு வந்து சுதாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“வேலைய முடிச்சிக் குடுக்கறேன் மேடம். ஆனா அந்தச் சிலை நின்னா என் பேரு வேணாம். அதோட நானும் கெளம்பிடறேன்.”

“பைத்தியமா உனக்கு? இது மாதிரி இன்னொண்ணு எப்போ கெடைக்கும்?”

“தெரியாது மேடம்.”

சுதா திறப்பு வரைக்கும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். ஆக, கணக்கு இதுதான்: சிலை நின்றால் செவ்வந்தி நிற்க மாட்டாள்.

அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டே அவள் வேலை செய்த அழகைச் சொல்ல வேண்டும். கைவிட்டுப் போகப்போகிற வேலை என்று தெரிந்தால் நாமெல்லாம் ஏனோதானோவென்று இழுப்போம். அவள் பெற்ற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கட்டட இன்ஜினியர், அத்தனை உயரத்தில் அவ்வளவு கல்லையும் தண்ணீரையும் தளம் தாங்காது என்று கையை விரித்தார். இரும்புச் சட்டம் அடித்து, கல்லை அப்பளம் மாதிரி மெல்லிசாக அறுத்து மேலே ஒட்டினாள். தண்ணீர் விரல் கனத்துக்கு மேல் எங்கும் நிற்காதபடி செய்தாள். கூரைக்குக் கோரைப் பாயை இழுத்துக் கட்டினாள், எதிரொலியும் அடங்கியது, லேசாக ஒரு ஏரி வாசனையும் வந்தது. வேலைக்கு வந்த ஒடியாக்காரர்கள், தெலுங்குக்காரர்கள் எல்லாரையும் செருப்பைக் கழற்றவைத்து நடக்கவிட்டு, “கால்ல எங்கனா வழுக்குதா?” என்று கேட்டாள். அவர்களும் முதலில் சிரித்துவிட்டு, பிறகு அவர்களாகவே கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

இவ்வளவும் செய்து முதல் தடவை மோட்டாரைப் போட்டால், தண்ணீர் வழவழவென்று இறங்கிச் சளசளவென்று சத்தம் போட்டது. மோகன்குமார் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“பாத்ரூம்ல கொயாய மூட மறந்துட்ட மாதிரி கீதேம்மா” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். செவ்வந்தியும் சிரித்தாள், பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வாரம் நல்ல மழை, ஊரில் நிஜ ஏரியே வழிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து நேரே கலங்கலுக்குப் போய், பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கண்ணை மூடி நின்றாள். கரையில் போனவர்கள், “சிட்டம்மா பொண்ணுக்கு பட்டணத்துல என்னமோ ஆயிடுச்சி” என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கொஞ்சம்தான். நட்டுக்கல்லுக்கு நடுவில் நெருக்கித் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம்தான் பெரிது. அவளோ அழகுக்கென்று நட்டுக்கல்லை எட்ட எட்ட வைத்துவிட்டிருந்தாள். திரும்பி வந்து கற்களை நெருக்கி, மெருகைக் கொத்திச் சொரசொரப்பாக்கினாள். மறுபடி மோட்டார் ஓடியபோது யாரும் சிரிக்கவில்லை. மோகன்குமார் ஏதோ பேச வாயெடுத்து, தன் பேச்சு தனக்கே கேட்காமல் விட்டுவிட்டார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சாயங்காலம் ஒத்திகை. வேலை பார்த்தவர்கள் எல்லாரும் வீட்டு மனிதர்களைக் கூட்டி வரலாம் என்று மோகன்குமார் சொல்லியிருந்தார். செவ்வந்தி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“சாராயக் கடைல எனக்கு இன்னாடி வேல?” என்றாள் சிட்டம்மாள்.

“அம்மா, அது ஓட்டல். உச்சி மாடில கீது.”

“எத்தினி மாடி ஏத்தி வெச்சாலும் சாராயம் சாராயந்தான். உங்க அப்பன் ஒருத்தன் போதும். ஆள வுடு.”

செவ்வந்திக்கு வேறு வழி தோன்றவில்லை. “ஏரி கோடி போவுதும்மா. வந்து பாரு” என்றாள். மறுமுனையிலிருந்து “மாடிலயா?” என்று ஒரு கேள்வி வந்தது. “ஆமாம்மா. நான்தான் வெட்டினேன்.” “பொய் சொல்றா பாரு” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள் சிட்டம்மாள்.

ஆனால் வந்துவிட்டாள். வசந்த்குமார் ஓட்டல் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டி நிறுத்தப் போனான். லிஃப்டிலிருந்து ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிய சிட்டம்மாளின் மறு கையில் ஒரு பெரிய வயர் கூடை. அதில் தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், கதம்பப் பூ, கற்பூரம், தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல்.

“என்னம்மா இதெல்லாம்?”

“கோடி போவுதுன்னியே? வெறுங்கையோட வருவாங்களாடி?”

கோடி போகிற அன்று அங்கே பெண்கள் கலங்கலுக்குப் பூவும் பொங்கலும் கொண்டுபோய்ப் படைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைப்பார்கள். சிட்டம்மாளுக்கு ஏரி தரையில் இருந்தால் என்ன, மாடியில் இருந்தால் என்ன, முறை முறைதான். செருப்பை லிஃப்ட் பக்கத்திலேயே கழற்றிவிட்டாள். தாழ்ந்த கூரைக்கு அடியில், இரைச்சல் வருகிற திசையைப் பார்த்து நடந்தாள். மகள் கையைப் பிடிக்க வந்தபோது உதறிவிட்டாள். நாலு படி ஏறிக் கரை உச்சிக்கு வந்ததும் நின்றாள்.

வெளியே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தரை முழுக்கச் சிவப்பு. நட்டுக்கல் வரிசையில் தண்ணீர் திமிறி வழிந்தது. சிட்டம்மாள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

“அடிப்பாவி, நெசமாவே கோடி வுட்டுட்டியேடி” என்றாள். “அயகா கீதுடி.” செவ்வந்தியை எத்தனையோ பேர் பாராட்டியிருந்தார்கள். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாளும் ஓடினாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

சிட்டம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பூஜைக் கூடையைத் தரையில் வைக்கக் கூடாது. வைக்க இடம் தேடினாள். மேஜையெல்லாம் தூரத்தில் இருந்தன. கலங்கலுக்கு முன்னால், வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றி டேப் ஒட்டிய மூட்டைகள் வரிசையாக நின்றன. இடுப்பு உயரம். மேல்புறம் சமமாக, கூடை வைக்கத் தோதாக இருந்தது. முதல் மூட்டையின் மேல் கூடையை வைத்துவிட்டு மஞ்சளையும் குங்குமத்தையும் எடுத்து நட்டுக்கல்லுக்குப் பொட்டு வைக்கப் போனாள். அவை மூட்டைகள் இல்லை. அன்று காலையில் வடபழனியிலிருந்து வந்து இறங்கிய சிலைகள், திறப்பு நாளன்று பிரிப்பதற்காகச் சுற்றியபடியே நிறுத்தியிருந்தார்கள்.

செவ்வந்தி பார்த்தாள். அவளுக்குப் பின்னால் சாதாரண டி-சர்ட்டில் வந்து நின்ற மோகன்குமாரும் பார்த்தார். குனிந்த முதுகின் மேல் தேங்காயும் பழமுமாகக் கூடை உட்கார்ந்திருந்தது.

பொட்டு வைத்து முடித்துத் தேங்காய் எடுக்க வந்தாள் சிட்டம்மாள். கூடையின் கம்பி பட்டுப் பிளாஸ்டிக் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் ஒரு கை தெரிந்தது, கையில் நாற்று முடி. குனிந்து கிழிசலை விலக்கிப் பார்த்தவள் வெடுக்கென்று கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

“அடியே செவ்வந்தி! இது பொம்பளடி!”

சிட்டம்மாள் பிளாஸ்டிக்குக்கு மேலாகவே அந்த முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“மன்னிச்சிக்கம்மா, தாயீ. மூட்டைன்னு நெனச்சி கூடைய வெச்சிட்டேன். ரொம்ப பாரமா?”

பிறகு, கனத்த கூடையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்தாள். மோகன்குமார் முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“குடுங்கம்மா. நான் வெச்சிக்கினு நிக்கறேன்.”

“நீ இங்கதான் வேல பாக்கறியா நைனா?”

“ஆமாம்மா.”

“நல்லா இரு” என்று கூடையைக் கொடுத்தாள். தேங்காயை உடைத்தாள், பொங்கலைப் படைத்தாள், பூவைத் தண்ணீரில் விட்டாள். கற்பூரத்தைக் கொளுத்தப் போனபோது மட்டும் செவ்வந்தி பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள். புகை பட்டால் கூரையிலிருக்கிற கருவி ஊரையே கூட்டிவிடும். “கற்பூரம் காட்டாத பூசை இன்னாடி பூசை” என்று முணுமுணுத்துக்கொண்டே சிட்டம்மாள் தொட்டிக்குள் கால் வைத்தாள். பின்னாலேயே பரிமாறுகிற பிள்ளைகள், சமையல்காரர்கள், ஒடியாக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். சுதாகூட ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். மோகன்குமார் கூடையைக் கீழே வைக்காமலே, ஷூவைக் காலாலேயே உதறிவிட்டு, சிட்டம்மாளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எந்தப் பக்கம் மேல் பக்கம், எந்தப் பக்கம் கீழ்ப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சிலை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். செவ்வந்தியைப் பார்த்தார். சூபர்வைசரைக் கூப்பிட்டு, “வண்டிய வரச் சொல்லு. இதெல்லாம் எடுத்துனு போவட்டும்” என்றார். “இங்க இன்னா சார் வெக்கிறது?” என்று சூபர்வைசர் கேட்டார். “ஒண்ணியும் வேணாம். ஜனங்க நிக்கட்டும்.” சுதாவிடம் போய், வாசலில் செவ்வந்தியின் பெயர்ப் பலகை எப்போது வரும் என்று மட்டும் கேட்டார்.

ஆட்கள் வந்து சிலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாமான் ஏற்றுகிற லிஃப்டுக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீரில் நின்றபடியே சிட்டம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொம்பளைங்கள எங்கடி கூட்டினு போறாங்க?” என்று கேட்டாள்.

“வேல வுட்டாச்சிம்மா” என்றாள் செவ்வந்தி. “வூட்டுக்குப் போறாங்க.”